கேமராவில் கால் தெரியாது

2023 ஜூன் 14, காலை ஏழரை மணி இருக்கும். எம்.ரெட்டியபட்டி பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்து டீக்கடையில் டிவி அலறிக்கொண்டிருந்தது. விடிவதற்கு முன்னால் அமலாக்கத்துறை கைது செய்திருந்த அமைச்சர் செந்தில் பாலாஜி, காருக்குள் சரிந்து கிடந்து அழுகிற காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். “வந்துருச்சுய்யா நெஞ்சுவலி!” என்றார் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்கு முன்பே இரண்டு மீம்களை காலேஜ் வாட்சப் குரூப்பில் தள்ளிவிட்டிருந்தேன்.

பெஞ்சின் ஓரத்தில் என் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். வலது காலைத் தூக்கி இடது முழங்காலின் மேல் போட்டிருந்தார். அந்தக் காலில் பெருவிரலும் அடுத்த விரலும் கிடையாது. அவர் சிரிக்கவில்லை.

“சிரிக்காதீங்கப்பா. வலிச்சா வலிதேன். எனக்குந்தேன் வலிச்சுச்சு. அவருக்கு வண்டி வந்துச்சு, எனக்கு வரல. அம்புட்டுத்தேன்.”

யாரும் பதில் சொல்லவில்லை. டீ மாஸ்டர் சேனலை மாற்றினார்.

அந்த அமைச்சருக்குப் பிறகு என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். நீதிபதி மருத்துவமனைக்கே வந்து பார்த்து ரிமாண்ட் செய்தார். உயர் நீதிமன்றம் அனுமதி கொடுக்க, தனியார் மருத்துவமனைக்கு மாற்றி ஜூன் 21 அன்று பைபாஸ் அறுவை செய்தார்கள். அடைப்பு நிஜம். நாங்கள் அனுப்பிய மீம்கள்தான் பொய். அவர் மேலுள்ள வழக்கைப் பற்றி எனக்கு இங்கே பேச்சில்லை. என் சண்டை அந்த டீக்கடைச் சிரிப்போடு, அதில் கலந்திருந்த என் சிரிப்போடு. ஒரு கைதியை ஸ்ட்ரெச்சரில் பார்த்தவுடன் “அவனுக்கு எதுக்கு?” என்று கேட்கப் பழகியிருக்கிறோமே, “எங்க ஆளுக்கு ஏன் வரல?” என்று கேட்க ஏன் பழகவில்லை?

சித்தப்பா கதையைச் சொல்லிவிடுகிறேன். அவர் ஒன்றும் அப்பாவி இல்லை. அடித்தாரா என்றால், அடித்தார்.

எங்கள் பக்கம் அருப்புக்கோட்டையைத் தாண்டி திருச்சுழி, கமுதி என்று எங்கே போனாலும் சீமைக்கருவேலம்தான். மழை ஏமாற்றிய புஞ்சைகளில் பருத்திக்கும் மல்லிக்கும் மிளகாய்க்கும் பதிலாக அதுதான் விளைகிறது. அதை வெட்டி அடுக்கி, மண்ணால் மூடி, மூட்டம் போட்டுக் கரியாக்குவது ஒரு தொழில். சித்தப்பா இருபது வருஷமாக மூட்டக்காரர். சுகர் வந்து எட்டு வருஷம். பாதம் மரத்துப் போனவர் என்பதால் 2022 செப்டம்பர் கடைசியில் மூட்டம் பிரிக்கும்போது கங்கை மிதித்தது அவருக்கே தெரியாது. ராத்திரி சித்திதான் பார்த்தார். பெருவிரலுக்கு அடியில் நாலணா அகலத்துக்குப் பொத்துப்போயிருந்தது.

அந்த வாரம்தான் கூலித் தகராறு. ஆறு வாரக் கூலியை இழுத்தடித்த குத்தகைக்காரர், கேட்கப்போன இடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். சித்தப்பா கையில் மண்வெட்டி இருந்தது. குத்தகைக்காரருக்குக் கை முறிந்தது. 294(பி), 326, 506(2). (அப்போது எங்கள் பக்கத்து எஃப்.ஐ.ஆர்களில் 506(2) என்பது உப்பு மாதிரி, போடாத குழம்பே இருந்ததில்லை.) வெள்ளிக்கிழமை சாயங்காலம் கைது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏன் என்று கோர்ட் வாசலில் கொஞ்சநாள் நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். சனி, ஞாயிறு போனால் அந்த வருஷம் செவ்வாய் சரஸ்வதி பூஜை, புதன் விஜயதசமி.

போலீஸ்காரர்கள் அவரை அடிக்கவில்லை. பரோட்டா வாங்கிக் கொடுத்தார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில் மருத்துவச் சான்று. டூட்டி டாக்டர் நிமிர்ந்து பார்த்து, “அடிகிடி எதுவும் பட்டிருக்கா?” என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் ஏட்டையா நிற்கிறார். சித்தப்பா “இல்லீங்கய்யா” என்றார். கால் புண்ணைக் காட்டத் தோன்றவில்லை. அது அடிபட்ட காயம் இல்லையே, வேலையில் வந்தது. டாக்டர் கேட்ட கேள்விக்கு அவர் சரியான பதிலைத்தான் சொன்னார். ரிமாண்டுக்குத் தகுதியானவர் என்று தாளில் எழுதியாயிற்று. எட்டு வருஷ சுகர், மரத்த பாதம், திறந்த புண், எதுவும் அந்தத் தாளில் இல்லை.

இந்தத் தாளைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் எழுதலாம். 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் கைதான ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் மறுநாள் இதே மாதிரி ஒரு சான்றிதழோடுதான் ரிமாண்ட் ஆகி, கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். 22ஆம் தேதி ராத்திரி மகன், 23 விடிகாலையில் அப்பா, இருவரும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார்கள். நாடே கொதித்தது. போலீசைப் பற்றிப் பேசினோம், பேசவும் வேண்டும். அந்தத் தாளைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்? காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் இடையில் ஒரு வெள்ளைக் கோட்டு நிற்கிறது. தடுத்து நிறுத்தக்கூடிய கடைசி ஆள் அது. அங்கேயே தாள் பொய்யாகப் போனால் அப்புறம் எல்லாமே முறைப்படிதான் நடக்கும்.

சித்தப்பா விஷயத்திலும் எல்லாம் முறைப்படிதான் நடந்தது. ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆத்திரம். யாரைத் திட்டுவது?

வீட்டில் மாத்திரைக் கவர் அப்படியே இருந்தது. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம், வீடு தேடி வந்து சுகர், பிரஷர் மாத்திரை கொடுக்கிற திட்டம், எங்கள் தெருவுக்கு ஒழுங்காகவே வந்துகொண்டிருந்தது. நல்ல திட்டம், ஐக்கிய நாடுகள் விருதெல்லாம் வாங்கியது. சித்தி அந்தக் கவரை எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி, சிறை வாசலில் மனுப் போட்டுக் காத்திருந்து பார்த்தார். வெளி மாத்திரையை உள்ளே விடக்கூடாது என்பது விதி. விதிக்கும் காரணம் இருக்கிறது, எதை எதையோ கடத்துகிறார்கள். “உள்ளே டாக்டர் பார்த்து எழுதித் தருவார்மா” என்றார்கள். டாக்டர் பார்க்க ஐந்து நாளானது. மாத்திரை கிடைத்தது, ஆனால் வேறு அளவு. கட்டுப் போட்டார்கள், ஒருநாள் விட்டு ஒருநாள். செருப்பில்லாமல் சிமெண்டுத் தரையிலும் கக்கூஸ் ஈரத்திலும் நடந்தால் எந்தக் கட்டும் நிற்காது.

பத்தாம் நாள் புண் கறுத்தது. வெளி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று டாக்டரே எழுதிவிட்டார். இங்கேதான் வழிக்காவல் என்ற சொல் வருகிறது. உங்களில் எத்தனை பேருக்கு இந்தச் சொல் தெரியும்? ஒரு கைதியை வெளியே கொண்டுபோகக் காவலுக்கு வருகிற ஆயுதப்படைப் போலீஸ். டாக்டர் எழுதினால் போதாது, சிறை கேட்க வேண்டும், போலீஸ் ஆள் தர வேண்டும். நோய் ஒரு துறை, நோயாளி ஒரு துறை, வண்டியும் துப்பாக்கியும் இன்னொரு துறை. எங்கள் வட்டாரத்தில் அக்டோபர் என்றால் என்ன மாதம் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். 24 தீபாவளி. 27 காளையார்கோவிலில் மருதுபாண்டியர் குருபூஜை. 30 பசும்பொன். அக்கம்பக்கத்து மாவட்டப் போலீஸ் எல்லாம் பந்தோபஸ்துக்குப் போய்விடும். மூன்று தடவை தேதி குறித்து மூன்று தடவையும் “எஸ்கார்ட் இல்லை”. சொர்க்கத்துக்குப் போனவர்களின் நினைவுக்குக் காவல் இருந்தது, என் சித்தப்பாவின் காலுக்கு இல்லை. இதைச் சொன்னதற்காக ஊரில் ஒருவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

இதற்கு நடுவில் ரிமாண்ட் நீட்டிப்பு. முன்பெல்லாம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கைதியை நேரில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். மாஜிஸ்திரேட் பார்ப்பார், கைதியும் வாயைத் திறந்து ஏதாவது சொல்லலாம். இப்போது வீடியோ. வரிசையில் நின்று திரைக்கு முன்னால் போய்ப் பெயரைச் சொல்லிவிட்டு வர வேண்டியது. “ஏதாவது சொல்லணுமா?” என்று மாஜிஸ்திரேட் கேட்கத்தான் செய்தாராம். சித்தப்பா “கால் புண்ணுங்கய்யா” என்றிருக்கிறார். சத்தம் விட்டு விட்டுக் கேட்கிற லைன். “டாக்டர்ட்ட காட்டுங்க” என்று பதில். அடுத்த ஆள். கேமரா முகத்துக்கு நேராக வைத்திருக்கிறது. கேமராவில் கால் தெரியாது.

ஜாமீன் மூன்றாவது வாரமே கிடைத்துவிட்டது. ஆனால் அவர் வெளியே வந்தது நவம்பர் முதல் வாரம். இடையிலுள்ள நாட்கள் எங்கே போயின? இரண்டு ஜாமீன்தாரர்கள், ஒருவர் ரத்த உறவு, சொத்துக்கான ஆவணத்தோடு. எங்கள் நாலு குறுக்கப் புஞ்சை இன்னும் தாத்தா பெயரில் கூட்டுப் பட்டாவாகக் கிடக்கிறது, தாத்தா செத்து இருபது வருஷம். வீட்டு வரி ரசீது பெரியப்பா பெயரில், அவர் திருப்பூரில். வி.ஏ.ஓவைப் பார்த்து, தாலுகா ஆபீஸ் ஏறி, பனியன் கம்பெனியிலிருந்து பெரியப்பாவை வரவழைத்து... அந்தப் பதினொரு நாளில்தான் விரல்கள் போயின. வெளியே வந்த அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். “பத்து நாளைக்கு முன்னாடி வந்திருந்தா பெருவிரலைக் காப்பாத்திருக்கலாம்” என்றார் அறுவை செய்த இளம் டாக்டர். எங்கள் மேல்தான் கோபப்பட்டார், ஏன் வீட்டிலேயே வைத்திருந்தீர்கள் என்று.

சட்டத்துக்கு இது தெரியாத விஷயமா? 1978இலேயே மோத்தி ராம் என்ற கொத்தனார் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் இதைத்தான் பேசினார். பத்தாயிரம் ரூபாய் ஜாமீன், அதுவும் உறவினர் சொத்து வேறு மாவட்டத்தில் இருப்பதால் செல்லாது என்று கீழ்க் கோர்ட் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் ஆயிரம் ரூபாய் சொந்தப் பத்திரத்தில் அவரை விட்டது. அந்தத் தீர்ப்புக்கு நாற்பத்து நான்கு வருஷம் கழித்து என் பெரியப்பா ராத்திரி பஸ்ஸில் திருப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

இனி டீக்கடைக்குத் திரும்புகிறேன். அங்கே கேட்கிற மூன்று வாதங்களை நான் மனப்பாடமாகச் சொல்வேன். நீங்களும் ஆன்லைனில் இதையேதான் கேட்கிறீர்கள், கொஞ்சம் நல்ல தமிழில்.

ஒன்று, “தப்புப் பண்ணவனுக்கு எங்க வரிப்பணத்துல வைத்தியமா?” தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் விசாரணைக் கைதிகள் 4,34,302 பேர். நான்கில் மூன்று பேர் மேல் தப்பு இன்னும் நிரூபணமாகவில்லை. தப்பே நிரூபணமானாலும், நீதிபதி எழுதுகிற தண்டனையில் காசநோய் என்றோ கால்விரல் என்றோ ஒரு வரி இருக்கிறதா? கொலைக்கே ஆயுள்தானே, ஆயுசைக் குறைப்பது எந்தப் பிரிவில் வருகிறது? லான்செட் பப்ளிக் ஹெல்த் 2023இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியச் சிறைவாசிக்குக் காசநோய் வர வாய்ப்பு வெளியிலிருப்பவரைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்றது. அந்த ஐந்து மடங்கு யார் போட்ட தண்டனை?

இரண்டு, “வெளியில இருக்கிற ஏழைக்கே வைத்தியம் இல்ல, உள்ள இருக்கிறவனுக்கு என்ன கேடு?” இந்தக் கேள்விக்கு வயது இருநூறு. 1834இல் இங்கிலாந்து தன் ஏழைகளுக்கான சட்டத்தை மாற்றி எழுதியபோது போட்ட கணக்கு இது. அரசாங்கத்தின் கூரைக்குக் கீழே இருப்பவனுடைய நிலைமை, வெளியே இருக்கிற கடைசிக் கூலிக்காரனின் நிலைமையைவிட ஒரு படி கீழேதான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள். சமூகவியல்காரர்கள் சிறையைப் பேசும்போதெல்லாம் இந்தக் கணக்கை எடுக்கிறார்கள். நம்மூரில் அதைப் போட்டுப் பாருங்கள். கரிமூட்டக்காரனின் உடம்பு வெளியிலேயே எந்தப் படியில் இருக்கிறது? புகை தின்ற நுரையீரல், வருஷக்கணக்காக அளவு பார்க்காத சுகர், செருப்பில்லாத கால். அதற்கும் ஒரு படி கீழே என்றால் அங்கே படியே இல்லை, கிணறுதான். சிறை ஆரோக்கியமான ஆளை உள்ளே எடுத்து நோயாளியாக்கி அனுப்புகிறது என்பதுகூட முழு உண்மை இல்லை. அது நோய்க்குப் பக்கத்தில் ஏற்கெனவே நிற்கிற ஆட்களாகப் பார்த்துத்தான் எடுக்கிறது. சிறையிலிருப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தலித்துகள், பழங்குடிகள், பிற்படுத்தப்பட்டவர்கள் என்று அரசாங்கமே பாராளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. வெளியே இருந்த ஏழையும் உள்ளே இருக்கிற கைதியும் ஒரே ஆள். போன மாதம் வெளியே, இந்த மாதம் உள்ளே. இரண்டு பேரையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்கிற அந்தக் கேள்வி ரொம்ப அயோக்கியத்தனமான கேள்வி.

மூன்றாவது வாதம், “தமிழ்நாட்டு ஜெயில் எவ்வளவோ பரவால்ல.” உண்மைதான். பீகார், உத்தரப் பிரதேசத்தைப் பார்த்தால் நாம் மேல். நாட்டுச் சராசரியாக நூறு பேர் இடத்தில் 131 பேர் அடைபட்டிருந்த அதே 2022இல் தமிழகச் சிறைகள் நிரம்பவில்லை. அப்படியானால் கூட்டத்தைக் காரணம் சொல்ல வழியில்லையே? இடம் இருக்கிறது, பாய் இருக்கிறது, சாப்பாடு பரவாயில்லை. வழிக்காவல்தான் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். விசாரணையே இல்லாமல் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவர்கள் நாட்டிலேயே அதிகம் இருந்தது தமிழகத்தில்தான். 1982இல் வந்த குண்டர் சட்டம் போட்டால் ஒரு வருஷம் வரை ஜாமீன் என்ற பேச்சே கிடையாது. சித்தப்பாவுக்கு அதைப் போடவில்லை, அது அவருடைய அதிர்ஷ்டம். போட்டிருந்தால் முழங்காலோடு போயிருக்கும்.

‘இயற்கை மரணம்’ என்ற சொல்லைப் பற்றி எனக்கு ஒரு தனிக் கோபம் உண்டு. 2022இல் இந்தியச் சிறைகளில் 1,995 பேர் செத்தார்கள். அதில் 1,773 பேர் இயற்கை மரணம் என்கிறது காப்பகத்தின் அட்டவணை. நோயால் செத்தால் இயற்கை. இதயம், நுரையீரல், ஈரல், காசம் எல்லாம் இயற்கைக் கணக்கு. எஸ்கார்ட் வராததும் இயற்கை. எண்பத்து மூன்று வயதில், பார்க்கின்சன் நடுக்கத்தில் டம்ளரைப் பிடிக்க முடியாத ஸ்டேன் சுவாமி, நம் திருச்சிப் பக்கத்துக்காரர், சிப்பர் குவளைக்கும் உறிஞ்சுகுழலுக்கும் கோர்ட்டில் மனுப் போட வேண்டியிருந்தது. மருத்துவ ஜாமீன் விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே 2021 ஜூலை 5 அன்று விசாரணைக் கைதியாகவே போய்ச் சேர்ந்தார். இது எந்த இயற்கை? சாந்தனை உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் விடுவித்தது. விடுதலையானவர் திருச்சி சிறப்பு முகாமுக்குப் போனார். அது சிறை இல்லை, முகாம். சிறை இல்லாததால் அங்கே செத்தால் சிறை மரணக் கணக்கிலும் வராது. ஈரல் கெட்டு, யாழ்ப்பாணத்துக்கு அம்மாவிடம் போக அனுமதி எல்லாம் வந்த பிறகு, 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் உயிர் போனது. ஊருக்குப் போனது உடல்தான்.

இந்த இடத்தில் நம்முடைய ஆட்களையும், அதாவது இலக்கியம் படிக்கிற நம்மையும், கொஞ்சம் இழுக்க வேண்டியிருக்கிறது. நமக்குச் சிறை என்றால் ரொம்பப் பிடிக்கும். தலைவர்கள் உள்ளே போய்க் கடிதம் எழுதுவார்கள், மொழிபெயர்ப்பார்கள், புத்தகத்தோடு வெளியே வருவார்கள். சிறை ஒரு பல்கலைக்கழகம் என்று மேடைக்கு மேடை கேட்டிருக்கிறோம். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஹாஸ்டல் இரண்டு வகை. தமிழ்நாடு சிறை விதிகள் 1983ஐ எடுத்துப் பாருங்கள். சமூக அந்தஸ்து, கல்வி, வாழ்க்கைப் பழக்கம் இவற்றால் உயர்ந்த வாழ்க்கைமுறைக்குப் பழகியவருக்கு ஏ வகுப்பு, மற்றவர்களுக்கு பி வகுப்பு. கட்டிலுக்குப் பழகிய முதுகுக்குக் கட்டில், தரைக்குப் பழகிய முதுகுக்குத் தரை. இவ்வளவு நேர்மையாக ஒரு சாதி சமூகம் தன்னைப் பற்றி எழுதிவைத்த வாக்குமூலம் வேறு எங்கும் இருக்காது.

வ.உ.சி. செக்கிழுத்தார் என்பதைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அவரோடு 1908இல் தண்டிக்கப்பட்ட சுப்பிரமணிய சிவா சிறையிலிருந்து தொழுநோயோடு வெளியே வந்தார். அந்த நோயைக் காட்டியே பின்னாளில் அவர் ரயிலில் ஏற அரசாங்கம் தடை போட்டது. ஊர் ஊராக நடந்தும் கட்டை வண்டியிலும் போனார், 1925இல் பாப்பாரப்பட்டியில் இறந்தார். நாம் அதைத் தியாகம் என்று மாலை போட்டு மூடிவிட்டோம். தியாகம் என்று சொல்லிவிட்டால் சிறையில் அவருக்கு என்ன வைத்தியம் பார்த்தார்கள் என்று கேட்க வேண்டியதில்லை அல்லவா? சிவாவுக்காவது சிலை இருக்கிறது.

சாதியைச் சொல்லாமல் எங்கள் சீமையில் சிறையைப் பேச முடியாது. 1871இல் வடக்கே தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911க்குப் பிறகு மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. எங்கள் பக்கம் ரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். ராத்திரியானால் ஆம்பிளைகள் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுத்துக்கிடந்த கதையை ஆப்பநாட்டுக் கிழவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சட்டம் போய் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. ஆனால் இன்ன சாதிக்காரன் ஜெயிலுக்குப் போவது சகஜம், அவன் உடம்பு தாங்கும் என்ற நினைப்பு போகவில்லை. அவ்வளவு பழைய விஷயமும் இல்லை இது. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறைக் கையேடுகளில் இருந்த சாதிவாரி வேலைப் பிரிப்பை ரத்து செய்தது. கக்கூஸ் கழுவுவது ஒரு சாதி, சமைப்பது ஒரு சாதி என்று எழுதியே வைத்திருந்தார்கள். அதே தீர்ப்பில் நம் பாளையங்கோட்டையும் வருகிறது. மோதலைத் தவிர்க்க சாதி பார்த்துத் தனித்தனி பிளாக்கில் அடைப்பது சரி என்று முன்பு சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருந்ததை உச்ச நீதிமன்றம் ஒப்பவில்லை. சாக்கடை அள்ளுகிறவனுக்கு வருகிற தோல்நோயும் அடுப்படியில் நிற்கிறவனுக்கு வராத தோல்நோயும் ‘சிறை நோய்’ என்று ஒரே கணக்கில் ஏறும். அது சாதி நோய்.

சரி, என்ன செய்யலாம் என்பீர்கள். டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு முதலில் தோன்றுவது. அரசியல் சாசனத்தில் சிறையும் மாநிலப் பட்டியல், பொதுச் சுகாதாரமும் மாநிலப் பட்டியல். நீட்டுக்கு டெல்லியைக் கைகாட்டலாம், இதற்கு முடியாது. நார்வே 1988இலேயே சிறைக் கைதிகளின் மருத்துவத்தைச் சிறைத் துறையிடமிருந்து பிடுங்கி உள்ளூர்ச் சுகாதார நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டது. பிரான்ஸ் 1994இல். இங்கிலாந்து, அந்த 1834 கணக்கைப் போட்ட அதே இங்கிலாந்து, 2006இல் தேசிய சுகாதாரச் சேவையிடம் கொடுத்தது. ஊரில் யார் என் சுகரைப் பார்க்கிறார்களோ அவர்களே உள்ளேயும் பார்க்க வேண்டும், அதே நோட்டு, அதே மாத்திரை. வீடு தேடி வந்த மருத்துவம் சிறை தேடியும் போகட்டுமே, அங்கே முகவரி தெரியாமல் போகுமா? மாதிரிச் சிறைக் கையேடு 300 கைதிக்கு ஒரு டாக்டர் என்கிறது. நாட்டுச் சராசரி 775க்கு ஒருவர் என்கிறது 2025 இந்திய நீதி அறிக்கை. மனநலம் பார்க்க நாடு முழுக்க 25 பேர்தானாம், ஐந்தே முக்கால் லட்சம் பேருக்கு. இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

ஆனால் டாக்டரை மட்டும் கூட்டினால் என் சித்தப்பாவின் விரல் பிழைத்திருக்குமா? பிழைத்திருக்காது. டாக்டர் சரியாகத்தான் எழுதினார். டாக்டர் எழுதிய தாளுக்கு மேலே இன்னொரு கையெழுத்து தேவைப்படுகிற வரை இது தீராது. மருத்துவர் அனுப்பச் சொல்லி நாற்பத்தெட்டு மணி நேரத்தில் வழிக்காவல் வரவில்லையென்றால், மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போய், அவர் மருத்துவ ஜாமீனைத் தானாகவே பார்க்க வேண்டும். அமைச்சருக்கு நீதிபதி ஆஸ்பத்திரிக்கே வந்தாரே, அதில் எந்தத் தப்பும் இல்லை. அதுதான் அளவுகோல். அதற்குக் கீழே எதுவும் அளவு குறைவு. அவரும்கூட 471 நாள் உள்ளே இருந்த பிறகுதான் 2024 செப்டம்பர் 26 அன்று ஜாமீன் பெற்றார் என்பதையும் மீம் போட்டவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

வெளியே வந்த பிறகு என்ன ஆகிறது என்பது யாருடைய கணக்கிலும் இல்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களைத் தொடர்ந்து பார்த்து 2007இல் ஓர் ஆய்வு வந்தது. வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் சாவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 13 மடங்கு. அங்கே பெரும்பாலும் போதை மருந்து. இங்கே அப்படி யாராவது எண்ணினால் என்ன வரும்? என் சித்தப்பா சாகவில்லை. முதல் இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார், அதுவும் கண்டிஷன் ஜாமீனில். தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டியவர், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கிடந்தார். கையெழுத்து விட்டுப்போனால் ஜாமீன் ரத்தாகும் என்று வக்கீல் பயமுறுத்த, நான் டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் மெமோவுக்கும் மூன்று நாள் அலைந்தேன். சித்தி அந்த ஒரு மாதத்தில் தன் பிரஷர் மாத்திரையைச் சாப்பிடவே இல்லை என்பது பொங்கலுக்கு அப்புறம் அவர் மயங்கி விழுந்தபோதுதான் தெரிந்தது. கேட்டதற்கு, “அந்தக் கவரப் பாத்தாலே வயித்தக் கலக்குது தம்பி” என்றார்.

மூட்டத்துக்குச் சித்தப்பா இப்போது போவதில்லை. பெருவிரல் இல்லாமல் விறகு அடுக்கின் மேல் ஏறி நிற்க முடியாது. ஏழெட்டு ஆடு வைத்திருக்கிறார், குண்டாற்றங்கரைப் பக்கம் ஓட்டிப் போவார். முன்பக்கம் மூடிய தோல் செருப்பு ஒன்று மதுரையில் வாங்கிக் கொடுத்தேன், வெட்டுப்பட்ட இடத்தில் பஞ்சு வைத்துப் போட்டுக்கொள்கிறார். குத்தகைக்காரர் போன வருஷம் வீட்டுக்கே வந்து, “ராசியாப் போயிருவோம்ணே” என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறு வாரக் கூலியில் பாதியையும் கொடுத்தார். ஆனால் 326 ராசியாகிற பிரிவு இல்லை என்கிறார் வக்கீல். சாட்சி விசாரணை இன்னும் தொடங்கவில்லை. அடுத்த வாய்தா மாசக் கடைசியில். கோர்ட் இருக்கிறது இரண்டாவது மாடியில், லிப்ட் இல்லை. ஒன்பது மணிக்கே போய்விட்டால் கூட்டம் வருவதற்குள் மெதுவாக ஏறிவிடலாம் என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார், ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.